சிறையில் இருப்பவரைப் பார்க்க, பேச, பணம் அனுப்ப: ஓசூர் எல்லைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி



வீட்டில் ஒருவர் கைதாகிவிட்டார் என்ற செய்தி வந்தால் குடும்பம் முதலில் உறைந்துபோகிறது. அடுத்து வெட்கம் வருகிறது. யாரிடமும் சொல்லாமல், தெரிந்த ஒரு புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மூன்றாவது கட்டம். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பார்க்கவும் பேசவும் பணம் அனுப்பவும் சட்டப்படி திறந்த வழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு ஜூஜூவாடியில், வேலை பொம்மசந்திராவில், சரக்கு இறக்குவது அத்திப்பள்ளியில் என்று தினமும் மாநில எல்லையைத் தாண்டி வாழ்கிறோம். வழக்கு எல்லையின் எந்தப் பக்கம் பதிவானது என்பதைப் பொறுத்து நீதிமன்றம், சிறை, அதன் விதிகள், பேச்சுமொழி எல்லாமே மாறிவிடும். எனவே அதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

கைது செய்தவுடன் அந்தத் தகவலை உறவினருக்கோ நண்பருக்கோ சொல்வது காவல்துறையின் கடமை. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் இதை வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 48-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு. விசாரணையின் போது தன் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

காவல் நிலையத்துக்குப் போனால் ஐந்து விஷயங்களைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. எந்தக் காவல் நிலையம்?
2. குற்ற எண் என்ன, எந்த ஆண்டு?
3. எந்தெந்தப் பிரிவுகள்?
4. எந்த நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள்?
5. ரிமாண்ட் ஆனால் எந்தச் சிறை?

இனி நீங்கள் செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஐந்தும் தேவைப்படும். முதல் தகவல் அறிக்கையைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. குற்ற எண் கையில் இருந்தால் 'இ-கோர்ட்ஸ்' செயலியில் வழக்கின் அடுத்த தேதியையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை நீதிமன்றங்களில் ரிமாண்ட் ஆனவர் அருகிலுள்ள கிளைச் சிறைக்கோ, தர்மபுரி மாவட்டச் சிறைக்கோ, சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள மத்திய சிறைக்கோ அனுப்பப்படலாம். முதலில் கிளைச் சிறையில் வைத்துவிட்டுப் பிறகு சேலத்துக்கு மாற்றுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓசூரிலிருந்து சேலம் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். பெண்களைத் தனிச் சிறையில்தான் வைப்பார்கள். வேலூரில் பெண்களுக்கான தனிச் சிறை இருக்கிறது. ஆறு வயது வரை உள்ள குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம் என்பது 2006-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு.

வழக்கு அத்திப்பள்ளியிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ பதிவாகியிருந்தால் நீதிமன்றம் ஆனேக்கல் அல்லது பெங்களூரு. சிறை பெரும்பாலும் பரப்பன அக்ரஹாரா. 2014-ல் ஜெயலலிதாவும், 2017 முதல் 2021 வரை சசிகலாவும் இருந்ததால் தமிழகத்தில் பெயர் தெரியாதவர் இல்லை. ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான், சேலத்தைவிட மிகப் பக்கம். பெங்களூரு பேருந்தில் ஏறி ஹோசா ரோடு சந்திப்பில் இறங்கி ஆட்டோவில் போகலாம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோவில் பொம்மசந்திராவில் ஏறினாலும் ஹோசா ரோடு நிலையத்தில் இறங்கலாம்.

கைதானவர் 18 வயது நிறையாத பிள்ளையாக இருந்தால் அவரைச் சிறைக்கு அனுப்பவே கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி சிறார் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழை உடனே வழக்கறிஞர் கையில் கொடுங்கள்.

நேரில் பார்ப்பது

தமிழ்நாட்டில் இதை 'மனு போட்டுப் பார்ப்பது' என்பார்கள். ஏட்டில் 'நேர்காணல்'. சிறை வாசலில் மனு எழுதிக் கொடுத்தோ, இ-பிரிசன்ஸ் தளத்தின் 'இ-முலாகாத்' பகுதியில் முன்பதிவு செய்தோ அனுமதி பெறலாம். முலாகாத் என்பது உர்தூ பேசும் நம் வீடுகளுக்குப் பழகிய சொல்தான். அந்தத் தளம் நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால் மாநிலத்தையும் சிறையையும் தேர்ந்தெடுத்து சேலத்துக்கும் பெங்களூருவுக்கும் அதிலேயே முயலலாம். பார்க்க வருபவரின் பெயர், அடையாள அட்டை எண், கைபேசி எண், உள்ளே இருப்பவரின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர் ஆகியவற்றைக் கேட்கும். ஆவணத்தில் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். 'முஹம்மத்', 'முகமது', 'மொஹம்மட்' என்று நம் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் தேடலில் பெயர் கிடைக்காமல் போவது சாதாரணமாக நடக்கிறது. ரிமாண்ட் உத்தரவில் உள்ள எழுத்துகளை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாரணைக் கைதிக்கு வாரத்துக்கு எத்தனை முறை, தண்டனைக் கைதிக்கு எத்தனை முறை, ஒரு முறைக்கு எத்தனை பேர் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டு சிறை விதிகள், கர்நாடகத்தில் அதன் தனிச் சட்டமும் கையேடும். நாட்களும் நேரமும் அந்தந்தச் சிறை வாசலில் தெரியும். முதல் முறை போகும்போதே கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அரசு விடுமுறை நாளா என்றும் பாருங்கள்.

போகும்போது கவனிக்க வேண்டியவை:

- அசல் ஆதார் அட்டையும் ஒரு நகலும் எடுத்துச் செல்லுங்கள். காலையிலேயே போய்ச் சேருங்கள்.
- கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. பாதுகாப்பாக வைக்க ஒரு ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.
- முகத்திரை அணியும் சகோதரிகளிடம் அடையாளம் சரிபார்க்க முகத்தைக் காட்டச் சொல்வார்கள். பெண் காவலரிடம் தனியாகக் காட்டுகிறேன் என்று முதலிலேயே பணிவாகச் சொல்லுங்கள். பெண்களைப் பெண் காவலர்தான் சோதனையிட வேண்டும்.
- உள்ளே கண்ணாடிக்கு அப்பால் இன்டர்காமிலோ கம்பிவலைக்கு அப்பாலோ பேச வேண்டியிருக்கும். சுற்றிலும் சத்தமாக இருக்கும். பேச வேண்டியதை முன்பே எழுதிக்கொண்டு போனால் நேரம் வீணாகாது.
- வழக்கு விவரங்களை அங்கே பேச வேண்டாம். காவலர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதை வழக்கறிஞர் பேசட்டும். விசாரணைக் கைதி தன் வழக்கறிஞருடன் தனியாகப் பேசச் சட்டம் இடம் தருகிறது.

குடும்பத்தைச் சந்திப்பது சிறை அதிகாரி மனமிரங்கித் தரும் சலுகை அல்ல. குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் சந்திப்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1981-ல் பிரான்சிஸ் கொராலி முல்லின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினால் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஒரு நகலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள்.

தொலைபேசி, காணொளி, கடிதம்

சிறைக்குள் கைதிகளுக்கென்று தொலைபேசி வசதி இருக்கிறது. அவர் முன்கூட்டிப் பதிந்து கொடுத்த எண்களுக்கு மட்டும், குறிப்பிட்ட நிமிடங்கள் பேச முடியும். அதனால் முதல் சந்திப்பிலேயே மாறாத ஓர் எண்ணை அவரிடம் கொடுங்கள். அடிக்கடி சிம் மாற்றுபவர் எண் வேண்டாம். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடும் பழக்கமுள்ள வீடுகள் இந்தக் காலத்தில் அந்தப் பழக்கத்தைத் தளர்த்த வேண்டியிருக்கும். வயதான உம்மா, வாப்பா பயணம் செய்ய முடியாதவர்களாக இருந்தால் இ-முலாகாத்தில் காணொளிச் சந்திப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

கடிதம் எழுதும் வழக்கம் வெளியே மறைந்துவிட்டது, சிறையில் இன்னும் மறையவில்லை. சந்திப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடிதத்தை அவர் திரும்பத் திரும்பப் படிப்பார். பெயர், தகப்பனார் பெயர், சிறையில் கொடுத்த கைதி எண், சிறையின் முழு முகவரி ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செய்தி, ஊர்ச் செய்தி போதும்.

பணம் அனுப்புவது

சிறைக்குள் கையில் ரொக்கம் வைத்திருக்க முடியாது. ஒவ்வொருவர் பெயரிலும் சிறை அலுவலகத்தில் ஒரு கணக்கு இருக்கும். வீட்டார் செலுத்தும் பணம் அதில் வரவாகும். அதிலிருந்து சிறைக் கேன்டீனில் சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றை வாங்கிக்கொள்ளலாம். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு.

இந்த வரம்பு எல்லோருக்கும் பொது. 2021 அக்டோபரில் நடிகர் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கான் மும்பை ஆர்தர் ரோடு சிறையில் இருந்தபோது, வீட்டிலிருந்து மணியார்டரில் போனது 4,500 ரூபாய்தான். அந்தச் சிறையில் அப்போது அதுதான் மாத வரம்பு. கோடிகள் இருந்தும் அதற்கு மேல் அனுப்ப முடியவில்லை. பின்னர் 2022 மே மாதம் அவர் மீது ஆதாரமில்லை என்று கூறி, குற்றப்பத்திரிகையில் பெயர் சேர்க்கப்படவில்லை.

பணம் செலுத்த மணியார்டர் பழைய வழி. சிறை அலுவலகத்தில் நேரில் கட்டி ரசீது வாங்குவது இன்னொரு வழி. இணையவழியில் ஏற்கும் சிறையாக இருந்தால் அந்த அலுவலகமே கணக்கு விவரம் சொல்லும். எந்த வழியானாலும் கைதி எண்ணைக் குறிப்பிடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த சந்திப்பில் வரவானதா என்று அவரிடமே கேளுங்கள்.

தனியார் ஒருவருடைய ஜிபே எண்ணுக்குப் பணம் போடச் சொன்னால் போடாதீர்கள். அவர் வார்டன் என்றாலும், 'உள்ளே நம்ம ஆள்' என்றாலும் சரி. உள்ளே வசதி செய்து தருகிறேன் என்று வாங்கும் பணம் கடைசியில் கைதியின் தலையில்தான் விடியும். பரப்பன அக்ரஹாராவில் கன்னட நடிகர் தர்ஷன் நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட்டுடன் இருக்கும் படம் 2024 ஆகஸ்டில் வெளியானதும் அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், அவரும் பெல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். நம் வீட்டுப் பிள்ளையை அப்படித் தொலைவுக்கு மாற்றிவிட்டால் நாம் எப்படிப் போய்ப் பார்ப்பது?

இன்னொரு மோசடியும் பரவியிருக்கிறது. 'உங்கள் மகன் கைதாகிவிட்டான், வழக்குப் போடாமல் விட இவ்வளவு அனுப்புங்கள்' என்று சீருடை அணிந்த ஒருவர் வீடியோ காலில் வருவார். போனிலேயே கைது செய்வது, போனிலேயே விடுவிப்பது என்று எதுவும் சட்டத்தில் இல்லை. முதலில் மகனுடைய எண்ணுக்கு அழையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பொருட்கள்: எது கொடுக்கலாம், எது கூடாது

விசாரணைக் கைதி தனக்கு வேண்டிய உடை, படுக்கை, உணவு போன்றவற்றை, சோதனைக்கு உட்பட்டு, வெளியிலிருந்து பெறலாம் என்று 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் இன்று பல சிறைகளில் வீட்டுச் சமையலை அனுமதிப்பதில்லை. பிரியாணிப் பொட்டலத்துடன் போய் ஏமாறுவதைவிட முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. உடை, தொப்பி, குர்ஆன் பிரதி ஆகியவற்றைச் சோதனையிட்ட பின் ஏற்பார்களா என்றும் அப்போதே கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவர் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். மாத்திரையை நீங்களாகக் கைமாற்ற வேண்டாம்.

பீடி, சிகரெட், ஹான்ஸ், சிம் கார்டு, கைபேசி, ரொக்கம் எதையும் மறைத்துக் கொடுப்பது குற்றம். அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கும். வாசலில் நிற்கும் யாரோ 'இதையும் என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்' என்று கொடுக்கும் பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள். பார்க்கப் போனவரே வழக்கில் சிக்கிவிடுவார்.

ரமலான் நெருங்கும்போது நோன்பு வைக்க விரும்புவதைச் சிறை நிர்வாகத்திடம் முன்கூட்டியே பதியச் சொல்லுங்கள். ஸஹர், இஃப்தார் ஏற்பாட்டுக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

ஜாமீன்: எல்லையில் மாட்டும் இடம்

ஓசூர்க் குடும்பங்கள் அதிகம் தவிப்பது இங்கேதான். பெங்களூரு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிடும், ஆனால் ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று கேட்கப்படும். ஓசூரில் சொந்த வீடு வைத்திருக்கும் மாமாவின் வரி ரசீது அங்கே செல்லாது என்பார்கள். அப்போதுதான் வாடகை ஜாமீன்தாரர்கள் முளைப்பார்கள். போலிப் பத்திரம் கொடுக்கும் அவர்களை நம்பினால் இன்னொரு வழக்கு வரும்.

இதற்கு 1978-லேயே பதில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்ற கொத்தனாருக்கு உச்சநீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி மறுத்தது. மீண்டும் வழக்கைக் கேட்ட நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இது தவறு என்று கூறி, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 2023 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் வழிகாட்டுதல்கள் தந்தது. உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதால் விடுதலை தாமதமாகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றது. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களாகியும் வெளியே வராதவர் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டையும் உங்கள் வழக்கறிஞரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம்.

ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் வழிகாட்டுதல்படி, ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் உதவி உண்டு. சில வகைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஆணைக்குழு மூலமாகவே இதற்கும் முயல வேண்டும்.

மேலும் இரண்டு தேதிகளைக் குறித்து வையுங்கள். ஒன்று, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60-ஆவது அல்லது 90-ஆவது நாள். பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய வழக்கில் 90, மற்றவற்றில் 60. அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. சில சிறப்புச் சட்ட வழக்குகளில் இந்தக் காலம் நீளும். மற்றொன்று, 479-ஆவது பிரிவு சொல்வது. முதல்முறை வழக்கில் சிக்கியவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர் பாதியையும் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கக் கோரலாம். மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் இது கிடையாது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று கைவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணை இரு மாநிலங்களிலும் அழைக்கலாம்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கு மேல் தீர்ப்பே வராதவர்கள். அப்துல் நாசர் மதானி கோவை குண்டுவெடிப்பு வழக்கில் 1998-ல் கைதாகி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகத் தமிழ்நாட்டுச் சிறையில் இருந்து, 2007-ல் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. கைதானவர் எல்லாம் குற்றவாளி என்று மஹல்லாவே முடிவு கட்டிவிட்டால், அந்தத் தண்டனையை மனைவியும் பிள்ளைகளும்தான் அனுபவிக்கிறார்கள். குற்றம் செய்தவராகவே இருந்தாலும் அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகத்தான் வேண்டும். நபி யூஸுஃப் (அலை) அவர்களின் சிறை வாழ்க்கையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கைதிக்கு உணவளிப்பதை நல்லோரின் பண்பாகக் குர்ஆன் 76-ஆவது அத்தியாயத்தில் சொல்வதையும் அறிவோம்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் இந்த நடைமுறை தெரிந்த இருவர் இருந்தால் போதும். அவர்களில் ஒருவர் கன்னடம் தெரிந்தவராகவும் ஒருவர் பெண்ணாகவும் இருப்பது நல்லது. தனியாகச் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ போகத் தயங்கும் சகோதரிக்கு முதல் சந்திப்பில் துணையாகப் போகலாம். இ-முலாகாத்தில் பதிந்து கொடுக்கலாம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் கட்டணம் இரண்டையும் மூன்று மாதத்துக்குப் பொறுப்பேற்கலாம். விடுதலையாகி வருபவருக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்கலாம்.

இன்று தேவைப்படாத வீட்டுக்கும் நாளை தேவைப்படலாம். அல்லாஹ் நம் அனைவரையும் சோதனைகளிலிருந்து பாதுகாப்பானாக. சோதனையில் இருக்கும் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் மனதையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.